தண்ணீரூற்றுப் பயிலுனருக்கு ஆலை எங்கே?

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு தடவையும் பல்கலைக்கழகம் புகுந்தோரின் படங்கள் பத்திரிகைகளை நிறைக்கின்றன. புகாதோர் எங்கே போனார்கள் என்று கேட்பாரில்லை. 2013 இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு அறிமுகமானபோது, கைத்திறனில் நாட்டமுள்ள கிராமத்து மாணவனுக்கும் ஒரு வாயில் திறந்ததெனப் பேசப்பட்டது. அந்த வாயிலுக்கு அப்பால் ஒரு பட்டறை இருக்கிறதா என்பதே முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணீரூற்று, முள்ளியவளைப் பகுதிப் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வியாக இருக்கிறது.

தொழிற்பயிலுனர் முறை நம் நாட்டுக்குப் புதியதன்று. 1971 ஆம் ஆண்டின் 49 ஆம் இலக்கச் சட்டம் அதற்கெனத் தனியொரு சபையை உருவாக்கியது. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அதுவே தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையாயிற்று. பாடசாலையை விட்டு வந்த இளைஞனை ஓர் ஆலையில் அமர்த்தி, வேலையினூடாகவே தொழிலைக் கற்பித்து, ஈற்றில் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்குவது இதன் பணி. பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்களின் ஆலைப் பயிற்சியையும் இச்சபையே ஒழுங்கு செய்கிறது. ஆக, பொறியியலாளராகப் போகிறவரும் பொருத்துநராகப் போகிறவரும் ஒரு கட்டத்தில் ஒரே கதவைத்தான் தட்டுகின்றனர்.

இம்முறைக்கு மாற்றில்லை என்பதே நமது கருத்து. வேணியர் இடுக்கிமானியின் அளவிடையை வாசிக்க வகுப்பறையிலும் கற்கலாம். ஆனால், ஓர் இரும்புத் துண்டை அரத்தால் அராவி அதன் முகத்தைச் சமதளமாக்குவதற்கு வாரக்கணக்கில் கை நோக வேண்டும். பயிலுனரின் தொடக்க நாட்கள் பெரும்பாலும் இவ்வாறே கழிகின்றன. அதில் சலிப்புற்று ஓடிவிடுவோரும் உண்டு. நிலைத்தவரோ கடைசல் இயந்திரத்தின் ஓசை மாறும்போதே வெட்டலகு மழுங்கிவிட்டதை அறிவார். போல்ட் ஒன்றை எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்பதை மணிக்கட்டால் உணர்வார். இவை ஒருவர் பக்கத்தில் நின்று மற்றொருவர் கற்பவை.

அந்த ஒருவர் வன்னியில் இல்லாமற் போனது எப்படி என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனையிறவின் உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரினும் உற்பத்தி செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை 1985 இல் நின்றது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் நின்றது. தண்ணீரூற்றிலிருந்து மாங்குளம் செல்லும் அதே வீதியில் இருக்கும் ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையும் போரினால் மூடப்பட்டுப் பல்லாண்டுகள் பாழடைந்து கிடந்தது. கட்டடங்களின் இழப்பைக் கணக்கிட்டவர்கள் உண்டு. ஒரு தலைமைப் பொருத்துநரிடமிருந்து அடுத்தவருக்குக் கைமாறிவந்த அறிவின் சங்கிலி அறுந்ததை எவரும் கணக்கிடவில்லை.

ஆயினும் வன்னி கைகட்டி நிற்கவில்லை. பொருளாதாரத் தடை நிலவிய 1990 களில், சில துளி பெற்றோலால் இயக்கத் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களையும், துவிச்சக்கரவண்டி டைனமோவின் மின்னில் பாடிய வானொலிகளையும் இம்மண் கண்டது. உதிரிப்பாகம் வராதபோது உதிரிப்பாகத்தையே உருவாக்கியவர்கள் இங்குள்ள பட்டறைக்காரர்கள். அவர்களிடம் பயின்ற பையன்களும் பயிலுனர்களே; ஆனால் எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. அனுபவத்தால் பெற்ற திறனைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு தேசிய தொழிற்றகைமை முறையிலேயே இருக்கிறது. ஐம்பது வயது கடந்த அந்த வினைஞர்களைத் தேடிச் சென்று சான்றிதழ் வழங்கி, அவர்களையே பயிற்றுநர்களாக ஏற்றுக்கொண்டால் என்ன? காலம் தாழ்த்தினால் வழங்குவதற்கு ஆள் இருக்கமாட்டார்.

இன்றுள்ள நிலை என்ன? அதிகாரசபையின் முதன்மையான பொறியியற் பயிற்சி நிலையங்கள் கட்டுபெத்தையிலும் ஒருகொடவத்தையிலும் கட்டுநாயக்காவிலும் உள்ளன. மூன்றும் மேல் மாகாணம். பெரும் உற்பத்தி ஆலைகளும் அங்கேயே. தண்ணீரூற்று இளைஞன் இரவு பஸ்ஸில் கொழும்பு சென்று, வாடகைக்கு ஓர் அறை தேடி, கடைச்சாப்பாடு உண்டு பயில வேண்டும். பயிலுனருக்குக் கிடைப்பது சம்பளமன்று, கொடுப்பனவு. அது அறை வாடகைக்கே போதாதபோது மீதியை வீட்டார் அனுப்ப வேண்டும். அனுப்ப இயலாத வீட்டுப் பிள்ளைக்கு அப்பயிற்சி ஏட்டளவில் மட்டுமே இலவசம். மொழி இன்னொரு சுவர். 1987 இன் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது உண்மையே. எனினும் தெற்கின் ஆலைத் தளத்தில் மேற்பார்வையாளர் உரத்துச் சொல்லும் எச்சரிக்கை சிங்களத்திலேயே ஒலிக்கிறது. சுழலும் இயந்திரத்தின் முன் நிற்பவனுக்கு இது வெறும் உரிமைப் பிரச்சினை மட்டுமன்று, விரல்களைப் பற்றிய பிரச்சினையுமாகும்.

ஜேர்மனியின் உதவியுடன் 2016 இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் பெரியதொரு ஆறுதல். 1959 இல் தொடங்கப்பட்டு இப்போது மொறட்டுவையில் இயங்கும் அதன் மூத்த சகோதரத்தின் பெருமையை யாவரும் அறிவர். ஆனால் ஜேர்மனியரின் முறையில் பாடசாலை பாதிதான், மறுபாதி ஆலை. அங்கே பயிலுனரைத் தெரிவு செய்வதும் ஒப்பந்தம் செய்வதும் மாதாமாதம் பணம் கொடுப்பதும் நிறுவனமே. சுவிற்சர்லாந்திலும் இளையோரில் ஏறத்தாழ மூன்றில் இருவர் தொழிற்கல்வி வழியே செல்கின்றனர். அங்குள்ள நம்மவர் பிள்ளைகளும் அவ்வாறு பயின்று மதிப்புடன் வாழ்கிறார்கள். அதைப் பெருமையாகச் சொல்லும் உறவினர்கள், ஊரிலுள்ள மருமகன் கராஜில் பயில்வதை மட்டும் குறைவாகப் பேசுவது விந்தையே. நாம் ஜேர்மனியிடமிருந்து பாடசாலையைப் பெற்றுக்கொண்டோம். ஆலையை எவரும் அன்பளிப்பாகத் தரமாட்டார்கள்.

அப்படியானால் ஆலை வரும்வரை காத்திருப்பதா? வேண்டியதில்லை. வன்னியில் இயந்திரங்கள் இருக்கின்றன. நெல் ஆலைகள், ஐஸ் உற்பத்தி நிலையங்கள், உழவு இயந்திரத் திருத்தகங்கள், படகு இயந்திரங்கள், போக்குவரத்துச் சபையின் டிப்போக்கள் ஆகிய எல்லாவற்றிலும் பொறியியல் வேலை நடக்கிறது. கிளிநொச்சியின் ஆடைத் தொழிற்சாலைகளைத் தையற் பெண்களின் இடமாகவே பார்க்கப் பழகிவிட்டோம். தையல் இயந்திரங்களைப் பராமரிப்பவரும், கொதிகலனை இயக்குபவரும், மின்னிணைப்பைக் காப்பவரும் இன்றி எந்த ஆடைத் தொழிற்சாலையும் ஒரு நாளும் இயங்காது. இவ்விடங்களில் ஒன்று மட்டும் முழுப் பயிற்சிக்குப் போதாது என்பது மெய்யே. மூன்று நான்கு இடங்களில் மாறிமாறிப் பயின்று, கடைசல், அளவைப் பயிற்சியை அறிவியல் நகரில் பெற்று, ஒரே குறிப்பேட்டில் பதிந்து சோதனைக்குத் தோற்ற வழிசெய்தால் போதும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. கொடுப்பனவை நகர வாடகையோடு ஒப்பிட்டுத் திருத்துவதும், ஒவ்வொரு பயிலுனரையும் மாதம் ஒருமுறையேனும் நேரில் பார்க்கத் தமிழ் தெரிந்த பரிசோதகரை அமர்த்துவதுமே தேவை.

ஆனையிறவில் 2025 மார்ச் மாதம் உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. பரந்தன், ஒட்டுசுட்டான் பற்றிய வாக்குறுதிகளும் போர் முடிந்த காலந்தொட்டுக் காதில் விழுந்து வருகின்றன. திறப்புவிழா மேடைகளில் எத்தனை பேருக்கு வேலை என்று அறிவிப்பது வழக்கம். எத்தனை பயிலுனர்களுக்கு இடம், எந்தெந்தத் தொழிலில், எத்தனை ஆண்டு என்பதை முதலீட்டு உடன்படிக்கையிலேயே எழுதுமாறு வன்னி மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் அபிவிருத்திக் குழுக் கூட்டங்களில் வலியுறுத்த வேண்டும்.