அலையாத்தி உணர்த்தும் பாடம்

மக்கள் தாவரங்களைப் பயன்படுத்தும் முறையையும் பேணும் முறையையும் ஆராயும் துறை இனத் தாவரவியல் எனப்படும். அமெரிக்கத் தாவரவியலாளர் ஹார்ஷ்பெர்கர் 1895ஆம் ஆண்டு இத்துறைக்குப் பெயரிட்டார். எந்த இலை எந்த நோய்க்கு மருந்து எனப் பட்டியலிடுவதே இதன் பணி என்று பலரும் கருதுகின்றனர். அக்கருத்து முழுமையானதன்று. பயனை அறிவதைவிடப் பேணும் முறையை அறிவதே அரிது. அதற்குச் சான்று தஞ்சைக் கடற்கரையிலேயே உள்ளது.

அதிராம்பட்டினத்திலிருந்து முத்துப்பேட்டை வழியாகக் கோடியக்கரை வரை அலையாத்திக் காடு பரந்துள்ளது. பாமணியாறு, கோரையாறு முதலிய காவிரிக் கிளைகள் இங்குக் கடலில் கலக்கின்றன. கண்டல் என்னும் பெயரால் இவ்வகை மரங்களைச் சங்கப் புலவரும் அறிந்திருந்தனர்.

ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்திலும் விடுதலைக்குப் பின்னர்ச் சில பத்தாண்டுகளும் இக்காட்டின் மரங்கள் பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டப்பட்டன. மரமிழந்த சேற்றுநிலம் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. ஓதத்தில் புகுந்த கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கியது, நீர் வற்ற உப்பு மிகுந்தது, விதைகள் வேரூன்றவில்லை. மரத்தின் விலையைக் கணக்கிட்ட திட்டம், நீரின் போக்கைக் கணக்கிடவில்லை.

அப்பகுதி மீனவர்களோ மீன் பிடிப்பதற்காகக் காயலிலிருந்து காட்டுக்குள் வாய்க்கால்கள் வெட்டி வந்தனர். ஓதநீர் ஏறி இறங்கிய அவ்வாய்க்கால்களின் கரைகளில் அலையாத்தி தழைத்தது. 1990களின் பிற்பகுதியில் வனத்துறையும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்மக்களுடன் இணைந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் அமைத்துச் சிதைந்த பகுதிகளை மீட்டன. உப்புக் குறைந்த நிலத்தில் கன்றுகள் வேர்கொண்டன.

விறகும் மேய்ச்சலுமே காட்டை அழித்தன என்று ஊராரைக் குறைகூறுவோர் உண்டு. அவற்றாலும் இழப்பு நேர்ந்தது உண்மையே. ஆயினும் பெருங்காரணம் நீரோட்டம் தடைப்பட்டமையே. நோயின் காரணத்தைப் பிழைபடக் கணித்தால், மக்களை வெளியேற்றுவதே மருந்தென்று தோன்றும். அவர்களோடு காட்டைப் பற்றிய அறிவும் வெளியேறிவிடும்.

2018 நவம்பரில் கஜா புயல் இக்காட்டைக் கடுமையாகச் சிதைத்தது. இனியும் புயல்கள் வரும். எவ்விடத்தில் நீர் தேங்கும், எவ்விடத்தில் கன்று பிழைக்கும் என்பதை அறிந்த முதியோரின் அறிவு, எழுதப்படாவிடில் அவர்களோடு மறையும். அதை அவர்தம் இசைவுடன் பதிவு செய்தலும், அதனால் விளையும் பயனில் அவர்களுக்குப் பங்களித்தலும் கடமையாகும். 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மயச் சட்டமும் பயன்பகிர்வை வலியுறுத்துகிறது. வாய்க்கால் வெட்டிய கைகளை வெறும் கூலியாகக் காணாமல், அறிவின் உரிமையாளராக மதிக்கும் ஆய்வே நிறைவான ஆய்வாகும்.