பல்லுக்கென்று படிக்க ஒன்றுமில்லையா?

திருவண்ணாமலை தேரடி வீதியில் டீக்கடைப் பக்கம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்: "டாக்டருக்குப் படிக்கட்டும். கிடைக்கலைன்னா பல் டாக்டர் சீட்டு தானா வரும். பல்லுக்குன்னு தனியா என்ன இருக்கு படிக்க?" பிள்ளையின் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் தவறு.

முதலில், தானாக எதுவும் வராது. இரண்டுக்கும் ஒரே நீட், அதே 720 மதிப்பெண். நம் ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு, அரசுப் பல் மருத்துவக் கல்லூரி கிடையாது. மாநிலம் முழுக்கவே சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை என மூன்றுதான். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு பிடிஎஸ்ஸுக்கும் பொருந்தும். இதைக்கூட அறியாத பெற்றோரைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

நீட் பாடம் போதும் என்பது அடுத்த வாதம். நம் 11-ஆம் வகுப்பு விலங்கியலைப் புரட்டிப் பாருங்கள். பல் வகைகள், பல் சூத்திரம், எனாமல் எல்லாம் செரிமானப் பாடத்தில் இருக்கின்றன. 2024 முதல் அந்தப் பாடமே நீட்டில் இல்லை. பல் அச்சு வார்க்க உதவும் ஜிப்சமும் பாரிஸ் சாந்தும் வரும் வேதியியல் பகுதிக்கும் அதே கதிதான். நீட்டை மட்டும் குறிவைத்துப் படிக்கும் பிள்ளை, பல்லைப் பற்றிய பாடத்தைத் தாண்டிவிட்டுத்தான் பல் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறது!

தமிழ்வழிப் பிள்ளைக்கு ஆகாது என்பதையும் நான் ஏற்கவில்லை. தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் 2018-இல் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கருணை மதிப்பெண் கிடைக்கவில்லை. தமிழும் ஆங்கிலமும் முரண்பட்டால் ஆங்கிலமே செல்லும். அதனால் 'வெட்டுப்பல்' என்று படிக்கும்போதே 'இன்சைசர்' என்றும் எழுதிப் பழக வேண்டும்.

கடைசியாக, கை. பக்கத்து வீட்டுப் பெண் பிடிஎஸ் முதலாண்டு. விடுமுறையில் வந்தவள் திண்ணையில் உட்கார்ந்து மெழுகுக் கட்டையில் கடைவாய்ப் பல் செதுக்கிக்கொண்டிருந்தாள். மேல்பரப்பில் ஒரு பள்ளம் நூலளவு ஆழமாகிவிட்டது. அதை ஒதுக்கிவிட்டு அடுத்த கட்டையை எடுத்தாள். காலையிலிருந்து அது மூன்றாவது. "ஸ்கூல் ரெக்கார்டு நோட்டுல படமெல்லாம் நானே வரைஞ்சிருக்கணும் மாமா, அக்காவ வரையச் சொல்லிட்டேன்" என்றாள்.

நீட் முடிந்து கலந்தாய்வு வரும்வரை வாரக்கணக்கில் நாள் கிடக்கிறது. ஒரு சோப்புக் கட்டி, ஒரு சிறிய கத்தி, தாண்டிவிட்டு வந்த அந்த விலங்கியல் பாடம். இவை போதும், இன்றைக்கே தொடங்கலாம்.