சுவரில் இயந்திரம், சாக்கடையில் தண்ணீர்



இராமநாதபுரம் கடற்கரையோரம் வாழும் நம் குடும்பங்களில் மகளுக்குச் சீர் எழுதும்போது கட்டில், பீரோவோடு ஆர்.ஓ. இயந்திரமும் இப்போது சேர்ந்துவிட்டது. (சீர் கேட்பதே தகுமா என்பது வேறொரு நாள் பேசவேண்டியது.) குழாய் நீரின் உப்பையும் கடினத்தன்மையையும் நாம் இப்படித்தான் தீர்த்துக்கொண்டோம்: அவரவர் வீட்டில், அவரவர் சுவரில், அவரவர் பணத்தில். இது தீர்வன்று; பொதுவான ஒரு கடமையிலிருந்து நாம் விலகிச் சென்ற வழி என்பதே என் வாதம்.

துன்பம் உண்மையானது, அதை யாரும் மறுக்க இயலாது. ஆழ்துளைக் கிணற்று நீரில் வேகவைத்த பருப்பு மணிக்கணக்கில் வேகாமல் கிடக்கும். சோப்பு நுரைக்காது; திரிந்த பால் போலத் திப்பித் திப்பியாக மிதக்கும். வெள்ளைத் துணி இரண்டு மாதத்தில் பழுப்பேறும். சுடுநீர்க் கலத்தின் கம்பியில் சுண்ணாம்பு ஏடு கட்டி, வெப்பம் நீருக்குச் செல்லாமல் கம்பியே எரிந்துபோகும். குழாய் முனையில் வெண்படலம், தேநீரில் ஏடு, உம்மாமார்களின் ஓயாத முணுமுணுப்பு. இவற்றையெல்லாம் செய்பவை அந்நீரில் கரைந்துள்ள கால்சியமும் மக்னீசியமும். நாவில் கரிப்பது வேறு. அது பெரும்பாலும் சோடியம் குளோரைடு, நம் சமையலுப்பேதான். நம் கடலோர நீரில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. அதனால் இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொண்டோம். அக்குழப்பத்தை வணிகர்கள் பயன்படுத்திக்கொண்டனர்.

எங்கள் வீட்டுக்கு வந்த விற்பனையாளர் செய்து காட்டியதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். இரண்டு குவளைகள். ஒன்றில் எங்கள் குழாய் நீர், மற்றொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. நீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சினார். எங்கள் நீர் செம்பழுப்பாகிக் கசடு திரண்டது. அவருடைய நீர் தெளிவாகவே நின்றது. "இதைத்தானே பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள்?" என்றார். என் மனைவியின் முகம் வெளிறிவிட்டது. அக்கசடு நீரிலிருந்து வந்ததன்று. அவருடைய இரும்புக் கம்பி அரித்துக் கரைந்த துரு. உப்புள்ள நீர் மின்சாரத்தைக் கடத்தும், ஆகவே கம்பி அரிக்கும். உப்பு நீக்கிய நீர் கடத்தாது, ஆகவே கம்பி அப்படியே இருக்கும். வளைகுடாவின் கிணற்று நீரோ காவிரி நீரோ, எதைவைத்துச் செய்தாலும் விளைவு இதுவே. அளவையில் மோசடி செய்வோரைக் குர்ஆன் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை அறிந்த சமுதாயம், இக்கண்கட்டு வித்தையின் முன் மட்டும் கேள்வி கேளாமல் பணத்தை எண்ணிக் கொடுக்கிறது.

அடுத்த அச்சம் சிறுநீரகக் கல். நீரின் கடினத்தன்மைக்கென உடல்நலம் சார்ந்த உச்சவரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் விதிக்கவில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012இல் வெளியிட்ட குடிநீர்த் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 600வரை. கரைந்த திடப்பொருள்களின் மொத்தம், அதாவது டி.டி.எஸ்., 500வரை ஏற்கத்தக்கது. வேறு ஆதாரம் இல்லாதபோது 2,000வரை. அதையும் தாண்டிய நீரைக் குடிப்பவர்களுக்கு ஆர்.ஓ. தேவையே, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் அந்த ஆற்று நீரையும் ஆழ்துளை நீரையும் ஒரே தொட்டியில் கலந்து, கெடுத்து, பிறகு இயந்திரத்தில் சுத்திகரித்துக் குடிக்கிறோமே, இதற்கு என்ன பெயர்? தனித்தொட்டி ஒன்று வைத்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

இனி, இயந்திரத்தின் பின்புறம். வீட்டு ஆர்.ஓ. ஒரு பங்கு நீரைத் தர மூன்று பங்கு நீரை வெளியேற்றுவது வழக்கம். நாளொன்றுக்கு 20 லிட்டர் எடுத்தால் 60 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்பது நாம் மதரஸாவில் படித்த செய்தி. ஒரு முத்து முக்கால் லிட்டரைத் தாண்டாது. ஒரு வீடு ஒரு நாளில் ஊற்றிவிடும் நீர் 80 பேரின் உளூவுக்குப் போதும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் டி.டி.எஸ். 500க்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்யவும், பிற இடங்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் நீரை மீட்கவேண்டும் என்றும் அரசைப் பணித்தது. இஸ்ராஃப் எனும் வீண்விரயத்தைப் பற்றி மிம்பரிலிருந்து கேட்டு வளர்ந்த நமக்கு அதைச் சொல்ல ஒரு தீர்ப்பாயம் வேண்டியிருந்தது என்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"என் பணம், என் கிணறு, என் இயந்திரம்" என்பார் உண்டு. கடற்கரையில் "என் கிணறு" என்ற ஒன்று கிடையாது. மணலுக்கடியில் நன்னீர், உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. அதே கணக்கின்படி மேலே ஓர் அடி குறைந்தால் அடியிலிருந்து உப்பு நீர் 40 அடி ஏறிவரும். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் ஒருவர் வலுவான மோட்டாரைப் பொருத்தி ஆழத்திலிருந்து இழுக்கும்போது, பக்கத்து வீட்டு விதவையின் மூன்று உறைக் கிணறும் கரிக்கத் தொடங்குகிறது. அவரிடம் இயந்திரம் வாங்கப் பணமில்லை; தள்ளுவண்டியில் குடம் குடமாக விலைக்கு வாங்குகிறார். கிணற்றைச் சுற்றி அதற்குரிய எல்லையை வகுத்து, அதற்குள் பிறர் தோண்டி நீரைக் குறைக்கலாகாது என்று பேசிய ஃபிக்ஹு நூல்கள் நம்முடையவை. தண்ணீரை மக்கள் அனைவருக்கும் பொதுவானதாக அறிவித்தவர் நம் நபி. மதீனாவில் விலைக்கு விற்கப்பட்ட ரூமா கிணற்றை வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டவர் உஸ்மான் (ரலி). அவர் தம் வீட்டுக்கு மட்டும் ஒரு குழாய் இழுத்துக்கொள்ளவில்லை.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். ஊருணி வெட்டினர், கிணறுகளை வக்ஃபு செய்தனர், பள்ளிவாசல் ஹவுளுக்கு மழைநீர் சேர வழி வைத்தனர். நாமோ 2003இல் தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது, அதிகாரி வந்து பார்ப்பதற்காகக் குழாய்த்துண்டு ஒன்றைச் சுவரோடு ஒட்டிவைத்தோம். ஊருணிகள் பலவற்றில் இன்று குப்பை.

ஊராட்சிகளும் நகராட்சிகளும் குற்றமற்றவை என்று சொல்ல வரவில்லை. ஆனால் வசதியுள்ளவன் சுவரில் இயந்திரத்தை மாட்டிய அன்றே கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டான். கேட்கும் நாவு உள்ளவனுக்குத் தாகமில்லை. தாகமுள்ளவனின் குரல் அலுவலகத்துக்குள் செல்வதில்லை. நரிப்பையூரில் நாளொன்றுக்கு 38 இலட்சம் லிட்டர் தரும் திறனுள்ள உப்புநீக்கும் ஆலையை இதே மாவட்டத்தில் அமைக்க அரசால் முடிந்தது. பொதுவில் செய்யக்கூடியதே இது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் செலுத்தி நீரைச் சோதிக்கலாம், கையளவு டி.டி.எஸ். கருவி காட்டாத நைட்ரேட்டும் ஃபுளோரைடும் கிருமியும் அங்கே தெரியும். தெருவுக்கு ஒரு மாதிரி எடுத்து, முடிவைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஜமாஅத்துக்கு என்ன தடை? ஒவ்வொரு ரமழானிலும் இஃப்தார் கஞ்சிக்குக் கணக்கு எழுதும் நமக்கு இது பெரிய கணக்கன்று.

என் வீட்டுச் சுவரிலும் அந்த இயந்திரம் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. அதன் கழிவு நீர் இப்போது வாளியில் சேர்ந்து தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் போகிறது. உப்பு கூடியது என்பதால் நீரின் தூய்மை போய்விடாது. கடல் நீரிலேயே உளூச் செய்யலாம் எனும்போது இதில் ஐயம் எதற்கு? செடிக்கு மட்டும் ஊற்றாதீர்கள், மண் உவர்க்கும். எங்கள் பள்ளிவாசலில் நல்லெண்ணத்தோடு ஒருவர் ஸதகாவாகத் தந்த பெரிய ஆர்.ஓ.வின் பின்குழாய் இன்றும் சாக்கடையில்தான் திறந்திருக்கிறது. அதைக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்ப ஒரு பிளம்பருக்கு அரைநாள் வேலை. நிர்வாகத்திடம் இருமுறை சொல்லிவிட்டேன். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் மூன்றாம் முறையும் சொல்வேன், இன்ஷா அல்லாஹ். உங்கள் பள்ளியில் அந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று கட்டடத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.