மாதிரி இல்லாமல் ஒரு போர்வை



கொல்கத்தாவில் குடியேறியிருக்கிற நம்முடைய வீடுகளில், கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி இருக்கும். கட்டவும் முடியாத, எறியவும் மனம் வராத பருத்திச் சேலைகள் அதில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய சுங்குடி, பிள்ளைப்பேற்றின்போது கட்டிய கைத்தறி, இங்கே வந்தபின் வாங்கிய வங்காளத்துத் தாந்த் என்று ஒவ்வொன்றையும் வைத்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தச் சேலைகளைக் கொண்டு, முன்கூட்டி வரைந்த மாதிரி எதுவும் இல்லாமல் ஒட்டுப்போர்வை தைக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு ஒன்றை எப்படி நடத்துவது என்பதை இம்மாதம் பார்ப்போம். பெண்கள் கூடுகையிலும் நடத்தலாம். உங்கள் குடியிருப்பின் பொது அறையிலும் நடத்தலாம்.

நாம் குடியிருக்கும் இந்த ஊரே இதற்கு நல்ல பள்ளிக்கூடம். வங்காளப் பெண்கள் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் பல அடுக்காக விரித்து, ஓட்டுத்தையலால் ஒன்றாக்கிச் செய்கிற துணிக்குக் காந்தா என்று பெயர். அந்தப் பெயரும் நம்முடைய ‘கந்தை’ என்ற சொல்லும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை. வண்ண நூலைக்கூட அக்காலத்துப் பெண்கள் கடையில் வாங்கவில்லை. சேலைக்கரையிலிருந்து இழை இழையாக உருவி எடுத்துக்கொண்டார்கள். குளிருக்குப் போர்த்த ‘லேப்’, விருந்தினருக்கு விரிக்கச் ‘சுஜனி’, கண்ணாடியும் சீப்பும் சுற்றிவைக்க ‘ஆர்ஷிலதா’ என்று உபயோகத்துக்கு ஏற்ற பெயர்களும் இருந்தன.

ஜோகாவில் 1963 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட குருசதய அருங்காட்சியகம் இத்தகைய காந்தாக்களுக்குப் பேர்பெற்றது. குருசதய தத் என்னும் ஐ.சி.எஸ். அதிகாரி கிராமம் கிராமமாகச் சென்று சேகரித்தவை அவை. மானதாசுந்தரி தாசி என்ற பெண் 19 ஆம் நூற்றாண்டில் தம் தகப்பனாருக்காகத் தைத்த காந்தாவும் அவற்றில் ஒன்று. வகுப்புக்கு முன் உங்கள் மாணவிகளை அங்கே அழைத்துச் செல்ல விரும்பினால், திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். நகரத்தின் தெற்கே சோனார்பூரில் வாழும் பிரீதிகணா கோஸ்வாமி, இந்தத் தையலைப் பல பெண்களுக்குக் கற்றுக்கொடுத்ததற்காக 2023 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

காந்தா பெரும்பாலும் அடுக்கித் தைப்பது. துண்டுகளை இணைத்துத் தைப்பதற்குக் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள், பழந்துணித் துண்டுகளை ஓரத்திலிருந்து தைக்கத் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிக்கிறார்கள். நான்கு மூலைகளிலும் ‘பூலா’ எனப்படும் துணிப்பூ வைத்தால்தான் போர்வை நிறைவடைந்ததாகும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்களிடம் இதற்கு நேரெதிரான ஒரு முறை உண்டு. நடுவில் ஒரு துண்டை வைத்து, அதைச் சுற்றிப் பட்டைகளைச் சேர்த்துக்கொண்டே வெளியே போகிறார்கள். வேலைக்கு உடுத்திய பழைய உடைகளிலிருந்து தைத்த அப்போர்வைகள் 2002 இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006 இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றைத் தபால்தலைகளில் வெளியிட்டது.

இவ்விரண்டையும் கவனியுங்கள். இரு இடத்திலும் வரைபடம் இல்லை. ஆனால் ஒழுங்கு இருக்கிறது. எங்கே தொடங்குவது, எந்தத் திசையில் போவது என்பது மட்டும் தீர்மானமாயிருக்கிறது. மற்றவற்றைக் கையிலிருக்கும் துணியும் தைப்பவளின் கண்ணும் முடிவு செய்கின்றன. நம்முடைய வகுப்பிலும் கற்றுக்கொடுக்க வேண்டியது இதுவே.

ஆயத்தம்

எட்டு முதல் பத்துப் பேர் போதும். மூன்று சனிக்கிழமைகள், ஒவ்வொன்றிலும் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். முதற்போர்வை 30 அங்குல அகலமும் 36 அங்குல நீளமும் கொண்ட குழந்தைப் போர்வையாக இருக்கட்டும். பெரிதாக எடுத்தால் பாதியில் நின்றுவிடும்.

ஒவ்வொருவரும் துவைத்த பருத்திச் சேலைகள் மூன்றைக் கொண்டுவரட்டும். சேலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இழை விலகித் தெரிகிற இடம் மேற்பகுதிக்கு ஆகாது, உள்ளடுக்குக்கு ஆகும். புதுத்துணி சேர்ப்பதானால் முதலில் நனைத்துத் துவைத்து உலர்த்த வேண்டும். கோடித்துணியைப் பழைய வஸ்திரத்தோடு இணைப்பதைப்பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமை உங்களுக்குத் தெரியும். புதுத்துணி தண்ணீர் பட்டதும் சுருங்கும். சுருங்கும்போது பக்கத்திலிருக்கிற பழந்துணியைப் பிய்த்துவிடும்.

முதல் நாள்

அளவுகோலை வெளியே எடுக்காதீர்கள். உள்ளங்கை அளவுள்ள ஒரு துண்டிலிருந்து தொடங்கச் சொல்லி, மூன்றே கட்டளைகள் கொடுங்கள். இணைக்கும் ஓரம் நேராக இருக்க வேண்டும். கோணலாயிருந்தால் வெட்டி நேராக்கிக்கொள்ள வேண்டும். துண்டு குட்டையானால் இன்னொரு துண்டைச் சேர்க்க வேண்டும். நீளமானால் வெட்டிவிட வேண்டும். வெட்டியது குப்பைக்குப் போகாமல் நடுவிலிருக்கும் பொதுக்கூடைக்குப் போக வேண்டும். நான்கு துண்டுக்கு ஒரு துண்டை அந்தக் கூடையிலிருந்து எடுத்தாக வேண்டும். அடுத்தவளுடைய சேலை நம் போர்வைக்குள் வரும்போது, எண்ணிப்பாராத நிறங்களும் உடன் வந்துவிடும்.

நல்ல பக்கங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளித் தைத்து, விரித்து இஸ்திரி போட வேண்டும். துணியை இழைக்குக் குறுக்காக, மூலைவாட்டில் வெட்டினால் அது இழுபடும். போர்வை தட்டையாகக் கிடக்காமல் கிண்ணம்போல் உப்பும். இதை முதலிலேயே வெட்டிக் காட்டிவிடுங்கள்.

கற்பிப்பவரின் கை

இந்த வகுப்பில் கடினமான வேலை உங்களுடையதே. நீங்கள் தைத்த போர்வையை முதல் நாளில் காட்டாதீர்கள். காட்டினால் அதன் பிரதிகள் பத்து கிடைக்கும். “இந்தச் சிவப்பு சரியா, அக்கா?” என்று கேட்டால் ஆம் என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம். துணியைத் தரையில் விரிக்கச் செய்து, வாசற்படியில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். “உன் கண் முதலில் எங்கே போகிறது? அங்கே போக வேண்டும் என்று நீ விரும்புகிறாயா?” என்று கேளுங்கள். பதில் அவளிடமே இருக்கிறது.

மூன்றாம் துண்டிலேயே திகைத்து உட்கார்ந்திருக்கும் சகோதரிக்குப் புதுயோசனை சொல்வதைவிட, துணிகளைக் குறைத்து இரண்டை மட்டும் முன்னால் வையுங்கள். தெரிந்தெடுப்பது எளிதாகும். அவள் ஊசியை மட்டும் நீங்கள் வாங்கித் தைக்காதீர்கள்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பீர்கள். கடைகளுக்காக இன்று தைக்கப்படும் காந்தாச் சேலைகள் பலவற்றில், சித்திரத்தை வேறொருவர் தீர்மானித்து, துணியில் படியெடுத்து, நூலின் நிறத்தையும் குறித்துக் கொடுத்துவிடுகிறார். தைக்கும் பெண் மாதக்கணக்கில் அந்தக் கோட்டின்மேல் ஊசியை ஓட்டுகிறாள். கூலி துண்டுக்கு இவ்வளவு என்று முன்னதாகவே பேசப்பட்டுவிடுகிறது. கோடு யாருடையதோ, விலை பேசும் உரிமையும் அவரிடமே போய்ச் சேருகிறது. “எனக்கு ஒன்றும் தெரியாது, நீங்களே சொல்லுங்கள்” என்று சொல்லிப் பழகிய நம் பெண்கள், நிறத்தையும் அளவையும் தாங்களே முடிவு செய்யக் கற்றால், தைத்ததற்குத் தாங்களே விலை சொல்லவும் துணிவு பெறுவார்கள். ஒரு போர்வையை விற்கும் எண்ணம் இருந்தால், செலவான மணி நேரத்தை ஒரு நோட்டில் குறித்துவரச் செய்யுங்கள். விலை பேசும்போது அந்த நோட்டு கையிலிருக்கட்டும்.

இரண்டாம், மூன்றாம் நாட்கள்

இரண்டாம் நாளில் சிறு பகுதிகளை ஒன்றாக்கி மேற்பகுதியை முடியுங்கள். மூன்றாம் நாளில், அதன் அடியில் இரண்டு அல்லது மூன்று அடுக்குப் பழஞ்சேலையைச் சுருக்கமின்றி விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நீளமான தற்காலிகத் தையல் போடுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து சேரும். பிறகு ஒரு விரற்கடை இடைவெளியில் வரிசை வரிசையாக ஓட்டுத்தையல் போட வேண்டும். கொல்கத்தாவின் குளிர் சில வாரங்களே நீடிப்பதால் இந்தக் கனம் போதும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காதபடி வெயில் வரும் நாளிலெல்லாம் காயவைக்கச் சொல்லுங்கள்.

ஓட்டுத்தையல் கற்பிக்கும் அந்த நாளுக்கு, உங்கள் அடுத்த வீட்டு வங்காள மாசிமா ஒருவரை அழையுங்கள். அவருடைய தாயார் தைத்த காந்தா ஒன்று அந்த வீட்டிலும் இருக்கக்கூடும். பல ஆண்டுகளாகப் படிக்கட்டில் சிரித்துவிட்டுப் போவதோடு நின்றுவிட்ட பழக்கம் ஒரு துணியைச் சுற்றி உட்காரும்போது வளரும். வங்காளம் சரியாகப் பேசவராத சகோதரியும் ஊசி போகும் வழியைப் பார்த்தே கற்றுக்கொள்வாள்.

வகுப்புக்கு நாள் குறித்துவிட்டீர்களானால், சேலைகளை இந்த வாரமே துவைத்து உலர்த்தி வையுங்கள்.