வேப்பமரமும் வெறும் பயமும்



புயலில் அடிபட்ட மரம் ஒன்று வீட்டோரம் நின்றால், அதை வைத்துக்கொள்வதா வெட்டுவதா என்பதை நம் மக்கள் யாரைக் கேட்டு முடிவு செய்கின்றார்கள்? சாமியாடியைக் கேட்கின்றார்கள், சோசியனைக் கேட்கின்றார்கள், மரத்தை மாத்திரம் ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

வேம்பாயிருந்தால் அதில் மாரியம்மன் குடியிருக்கிறாளாம். வேர் பெயர்ந்து கூரைமேல் சாய்ந்தாலும் தொடக்கூடாதாம். புளியாயிருந்தால் பேய் குடியிருக்கிறதாம். உறுதியான மரமானாலும் வெட்டிவிட வேண்டுமாம். 2016 டிசம்பர் 12-இல் வார்தா புயல் சென்னையில் புகுந்தபோதும், 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோதும், மஞ்சள் துணி கட்டிய மரம், கட்டாத மரம் என்று காற்று பேதம் பார்த்ததா என்று கேட்கின்றோம். தான் குடியிருக்கும் மரத்தையே காக்க முடியாத அம்மன், அதனடியில் படுத்திருக்கும் உங்கள் பிள்ளையை எப்படிக் காப்பாள்?

சரி, அறிவைக் கொண்டு பார்ப்பது எப்படி? மரத்தின் உயிர் பட்டையை ஒட்டிய வெளிப்பாகத்தில் இருக்கிறது. நடுவிலுள்ள வயிரம் உயிரற்றது. தாங்குவதே அதன் வேலை. ஆகவே பொந்து விழுந்த மரமும் பல வருஷம் தழைக்கலாம். ஆனால் தழைப்பது வேறு, தாங்கி நிற்பது வேறு. நடுவிலிருந்து பட்டை வரையுள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு கனத்துக்காவது, பொந்தைச் சுற்றி நல்ல மரம் இருக்கிறதா என்று பார்ப்பது நிபுணர் வழக்கம்.

மரம் புதிதாகச் சாய்ந்திருக்கிறதா? சாய்வுக்கு எதிர்ப்புறம் மண் வெடித்து எழும்பியிருக்கிறதா? கவை பிளந்திருக்கிறதா? தூரில் காளான் பூத்து மரம் உளுத்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்து, விழுந்தால் வீடோ வழியோ அகப்படுமானால், எத்தனை மஞ்சள் துணி கட்டியிருந்தாலும் அகற்ற வேண்டியதுதான். அப்படியின்றி, கிளைகள் மாத்திரம் முறிந்து, வேரும் தூரும் உறுதியாயிருந்து, தழையில் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தால், ஐம்பது வருஷத்து நிழலைப் பேய்க்குப் பயந்து விறகாக்குவது மடமையாகும். முறிந்த கிளையை, அது தண்டோடு சேருமிடத்திலுள்ள பருமனுக்கு வெளியே ஒழுங்காக அறுத்துவிட்டால் மரமே மேற்கொண்டு பார்த்துக்கொள்ளும்.

படித்தவர்களுக்கும் ஒன்று சொல்லுவோம். பொந்தில் சிமெண்டு அடைப்பதும், வெட்டுக்காயில் தார் பூசுவதும் வைத்தியமென்று எண்ணாதீர்கள். அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து, மரம் தன் காயத்தைச் சுற்றித் தானே அரண் கட்டிக்கொள்கிறதென்றும், பூச்சு உளுப்பைத் தடுப்பதில்லையென்றும் காட்டினார். ஆராயாமல் நம்பினால் மஞ்சளும் தாரும் ஒன்றேதான்.

மின்கம்பியில் சாய்ந்திருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். சந்தேகமிருந்தால் மரமறிந்த ஆளைக் கூப்பிடுங்கள். மரம் விழுந்து ஓர் உயிர் போனபின் “எல்லாம் விதி” என்று சொல்லிவிட்டுத் தட்சணையோடு போகிறவனிடம் மாத்திரம் யோசனை கேட்காதீர்கள்.