எடை குறைந்தது காலணியா, சான்றா?

புனேயின் கோத்ரூட் பகுதியை ஒட்டி எழும் வேதாள் குன்றின்மேல் இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம் அமைந்திருக்கிறது. 1966இல் நிறுவப்பட்ட அந்த அமைப்பை அதன் சுருக்கப்பெயரால், ஏஆர்ஏஐ என்று, வண்டி வாங்கும் எவரும் அறிவர். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று விற்பனையாளர் சொல்லும் எண், சுழலும் உருளைகளின்மேல் வண்டியை நிறுத்தி, முன்னரே வகுத்த வேக வரிசையில் இயக்கி அளந்த எண். சாலையில் அந்த மைலேஜ் கிடைக்காது என்பது வாங்குவோருக்கும் தெரியும். ஆயினும் அந்த எண் பொய்யன்று. எல்லா வண்டிகளும் ஒரே நிபந்தனையில் அளக்கப்பட்டிருப்பதால் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட முடிகிறது.

அதே குன்றின் பாதைகளிலும், கணேஷ்கிண்ட் பல்கலைக்கழக வளாகத்து மரநிழற் சாலைகளிலும் விடியற்காலையில் ஓடுவோர் பலர். அவர்களுள் பேராசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் உண்டு. புதிய, எடை குறைந்த சாலையோட்டக் காலணி ஒன்றை வாங்கி, ஒருநாள் பத்துக் கிலோமீட்டர் ஓடி, அன்று மாலையே ‘சோதித்துப் பார்த்தேன்’ என்று எழுதுவது இன்று ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டது. இறகுபோல் இருக்கிறது, கிலோமீட்டருக்குப் பத்து நொடி குறைந்தது, விலைக்குத் தகும். கருத்தரங்கில் ஒரு மாணவர் ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவு சொன்னால் எழுந்து நின்று மறுப்பவர்கள், காலணி விஷயத்தில் அந்த ஒரே மாதிரி தாமே என்பதை மறந்துவிடுகிறார்கள்.

எடை ஓட்டத்தைப் பாதிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது எவ்வாறு நிறுவப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஹூக்கமர், கிராம் முதலியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், காலணிகளுக்குள் ஈயக் குண்டுகளை மறைத்து 100 கிராம், 300 கிராம் என எடை கூட்டினார்கள். ஓடிய 18 பேருக்கும் அது சொல்லப்படவில்லை. ஒவ்வொரு காலணியிலும் கூடிய ஒவ்வொரு 100 கிராமுக்கும் ஆற்றல் செலவு ஏறத்தாழ 1.1 விழுக்காடும், 3000 மீட்டர் ஓட்ட நேரம் ஏறத்தாழ 0.8 விழுக்காடும் கூடின. எடையை மறைத்ததுதான் அந்த ஆய்வின் உயிர். தன் காலில் இருப்பது இலேசான, விலையுயர்ந்த காலணி என்று அறிந்தவர் அன்று சற்று விரைந்தே ஓடுவார். மருந்துப்போலி பற்றி வகுப்பில் விளக்குவோருக்கு இது புதிய செய்தியன்று.

‘நான்கு விழுக்காடு’ என்ற புகழ்பெற்ற எண்ணின் கதையும் இத்தகையதே. அதே ஆய்வாளர்கள் நைக்கியின் புதிய காலணி மாதிரியை வேறிரண்டு பந்தயக் காலணிகளோடு ஒப்பிட்டார்கள். நிறுவனத்தின் நிதியுதவி கட்டுரையிலேயே அறிவிக்கப்பட்டது. ஓடியவர்கள் தேர்ச்சி பெற்ற 18 ஆண்கள். வேகம் மணிக்கு 14, 16, 18 கிலோமீட்டர். களம் டிரெட்மில். எடையால் வந்த வேறுபாடு என்ற ஐயம் எழாதிருக்க, மூன்று காலணிகளின் எடையும் சமமாக்கப்பட்டது. ஆகவே அந்த நான்கு விழுக்காடு எடைக் குறைப்பின் பயனே அன்று; நுரைப்பொருளும் கார்பன் தகடும் அடங்கிய அமைப்பின் பயன். ‘எடை குறைவு, ஆகவே நான்கு விழுக்காடு’ என்று எழுதுவோர் அந்தக் கட்டுரையின் சுருக்கத்தைக்கூடப் படித்ததாகத் தெரியவில்லை.

மராத்தானை நான்கு மணி நேரத்தில் முடிப்பவரின் வேகம் மணிக்குப் பத்தரைக் கிலோமீட்டர். அவருக்கு அந்த எண் பொருந்துமா? ஜூபர்ட் முதலியோர் பின்னர் 10, 12 கிலோமீட்டர் வேகங்களில் இவ்வகைக் காலணியை அளந்தபோது சராசரிப் பயன் முறையே 0.9, 1.4 விழுக்காடாகச் சுருங்கியது. சிலருக்கு ஆற்றல் செலவு கூடவும் செய்தது. 2023இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், உலகத்தரக் கென்ய ஓட்டக்காரர்களுக்குள்ளேயே ஒருவருக்கு 11 விழுக்காடு நன்மை, இன்னொருவருக்கு 11 விழுக்காடு தீமை என்ற அளவுக்கு விளைவுகள் சிதறின. ஒருவருடைய காலின் அனுபவம் மற்றவருடைய காலுக்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் தெளிவான எண் வேண்டுவதில்லை.

காலின் வடிவமும் ஒன்றன்று. சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 இறுதியிலிருந்து 2022 தொடக்கம் வரை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் அளந்தது. பொதுவாக இந்தியப் பாதம் மேலை நாட்டு அளவுமுறை கருதுவதைவிட அகலமானது என்பது அதன் முடிவு. எடையைக் குறைக்க மேற்பகுதியைக் குறுக்கும் காலணியில் அகன்ற பாதம் சிறுவிரலோரம் கொப்புளம் கண்டால், அது காலின் குற்றமன்று. ஆயினும் மதிப்புரையில் அது ‘பழகிவிடும்’ என்ற ஒற்றைச் சொல்லில் முடிகிறது.

இவையெல்லாம் பொழுதுபோக்குக்கு ஓடுவோரின் கவலை, பெரிதுபடுத்த வேண்டியதில்லை என்று சொல்லலாம். அங்கேதான் வழக்கின் கனம் இருக்கிறது. மகாராஷ்டிரக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1600 மீட்டர் ஓட்டம் உண்டு, நொடிகள் மதிப்பெண்ணாகும். பீட், சாதாரா போன்ற மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து வந்து புனேயில் அறையெடுத்துப் பயிலும் இளைஞர்களும் இதே பதிவுகளைப் படிக்கிறார்கள். எழுதியவர் பெயருக்கு முன் முனைவர் பட்டம் இருந்தால் அதை ஆய்வு என்றே கொள்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம். மேற்சொன்ன 3000 மீட்டர் விகிதத்தை அப்படியே பொருத்தினாலும், ஐந்து நிமிடத்தில் ஓடுபவருக்கு 100 கிராம் குறைப்பு தருவது ஏறத்தாழ 2.4 நொடி. பழைய காலணி 250 கிராம், புதியது 210 கிராம் என்றால் ஒரு நொடிகூட இல்லை. அந்த ஒரு நொடிக்காக ஒரு மாத உணவுச் செலவைக் கொடுப்பதா என்பதை அவர் தீர்மானிக்கட்டும். ஆனால் தீர்மானிக்க வேண்டிய எண் அவருக்குச் சொல்லப்படவே இல்லை.

இது வெறுங்காலுக்கான வாதமும் அன்று. வெறுங்காலோடு ஓடுபவராக அறியப்பட்ட ராணுவ வீரர் சிவ்நாத் சிங் 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மராத்தானை முடித்து நிறுவிய தேசியச் சாதனை பல பத்தாண்டுகள் நிலைத்தது. அதைக் காட்டிக் காலணியே வேண்டாம் என்பவரும் ஒரே மாதிரியை வைத்து வாதிடுபவர்தாம்.

சோதனை என்ற சொல்லைக் காப்பாற்ற ஆய்வகம் தேவையில்லை. காலணியின் அளவையும் எடையையும் தராசில் நிறுத்தே எழுதலாம். பழைய காலணியையும் புதியதையும் ஒரே பாதையில், ஒரே நேரத்தில், நான்கு நாள் பழையது, புதியது, புதியது, பழையது என்ற வரிசையில் மாற்றி ஓடலாம். நாளடைவில் கூடும் சோர்வும் பயிற்சியின் தேர்ச்சியும் ஒரு பக்கமே சாயாமல் அந்த வரிசை தடுக்கும். வேகத்தோடு இதயத் துடிப்பையும் பதியலாம். நனைந்த சிமெண்டுச் சாலையில் பிடிமானம் எப்படி, 300 கிலோமீட்டருக்குப் பின் அடிப்பகுதி எவ்வளவு தேய்ந்தது என்று பிறகு சேர்க்கலாம். காலணி விலைக்கு வாங்கப்பட்டதா, இலவசமாக வந்ததா என்பதை முதல் வரியிலேயே சொல்லலாம். பல்கலைக்கழகங்களின் உடற்கல்வித் துறைகள் இருபது மாணவர்களைக் கொண்டு இதைச் செய்தால், நாட்டில் எங்கும் கிடைக்காத தரவு ஒரு பருவத்தில் கிடைக்கும்.

இவை எதையும் செய்ய இயலாதவர், ‘அணிந்து ஓடினேன், பிடித்திருந்தது’ என்று எழுதட்டும். அது நேர்மையான வாக்கியம். அதற்கும் பயன் உண்டு. ஒருநாள் ஓட்டத்தைச் சோதனை என்று அழைக்கும் உரிமை மட்டும் அவருக்கில்லை. ஆய்வு முறையைக் கற்பிப்பதற்கென்றே ஊதியம் பெறுவோருக்கு அது சிறிதும் இல்லை.