சிட்டத்துக்கு 15 ரூபாய்

கதர் மற்றும் கிராமத் தொழில்கள் ஆணையத்தின் 2024-25ஆம் ஆண்டுக் கணக்கு வெளியானபோது, மொத்த விற்பனை 1.70 லட்சம் கோடி ரூபாய் என்பதே தலைப்புச் செய்தியாயிற்று. அதில் கதர்த் துணியின் பங்கு ஏறத்தாழ 7,145 கோடி ரூபாய். நூற்றுக்கு நான்கு என்ற அளவுதான். ஆனாலும், 2013-14இல் அது 1,081 கோடியாக இருந்ததை நினைத்தால் வளர்ச்சியைக் குறைத்து மதிப்பிட முடியாது. அதே காலத்தில் நூற்பவரின் கூலி சிட்டத்துக்கு 4 ரூபாயிலிருந்து 15 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. 2024 அக்டோபரில் 10 ரூபாய் 12.50 ஆனது, 2025 ஏப்ரல் முதல் 15 ஆனது. ஆணையம் இதனை 275 சதவீத உயர்வு என்கிறது. கணக்கு சரிதான். சதவீதம் எந்த அடித்தளத்திலிருந்து கிளம்புகிறது என்று கேட்க வேண்டும் என்று வகுப்பறையில் பல ஆண்டுகள் சொல்லி வந்தவன் என்பதால், எனக்கு அந்த 4 ரூபாய்தான் கண்ணில் பட்டது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். கைத்தறித் துணி வேறு, கதர் வேறு. நம் கடைகளில் கைத்தறி என்று விற்கப்படும் துணியில் பெரும்பாலானவை ஆலையில் நூற்ற நூலைக் கொண்டு கைத்தறியில் நெய்தவை. கையால் அல்லது இராட்டையால் நூற்ற நூலைக் கைத்தறியில் நெய்தால்தான் அது கதர். இவ்விரண்டுக்கும் இடையே இருப்பது நூற்பவரின் உழைப்பு. அது எவ்வளவு பெரியது என்பதைச் சிறு கணக்கு காட்டும்.

கதர்க் கணக்கில் ஒரு சிட்டம் என்பது 1,000 மீட்டர் நூல். 45 அங்குல அகலத் துணியில், அங்குலத்துக்குப் பாவில் 50 இழை, ஊடையில் 50 இழை என்று கொள்வோம். ஒரு மீட்டர் துணிக்குப் பாவுக்கு 2,250 மீட்டர், ஊடைக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. ஆக நாலரைக் கிலோமீட்டர் நூல். ஒற்றைக் கதிர் இராட்டையில் பழகிய கை மணிக்கு 400 மீட்டர் நூற்பதாக வைத்துக்கொண்டால், அந்த ஒரு மீட்டர் துணிக்குப் பதினோரு மணி நேரத்துக்கு மேல் நூற்க வேண்டும். நெசவாளர் அத்தகைய எளிய துணியை ஒரே நாளில் பல மீட்டர் நெய்துவிடுவார். தறி நம் கண்ணுக்குத் தெரிகிறது. சுவரொட்டிகளிலும் விளம்பரங்களிலும் அதுவே இடம்பெறுகிறது. உழைப்பு நேரத்தின் பெரும்பகுதி தறிக்கு வருவதற்கு முன்பே செலவாகிவிடுகிறது.

எட்டு மணி நேரம் ஒற்றைக் கதிரில் நூற்றால் கிடைப்பது மூன்றேகால் சிட்டத்துக்குக் குறைவு. கூலி 48 ரூபாய். இன்று கதர் நிறுவனங்களில் பல கதிர் இராட்டைகளே பயன்படுகின்றன. அவற்றின் மூலம் 1949இல் ஏகாம்பரநாதன் என்ற தமிழர் உருவாக்கிய இராட்டை. அவர் பெயரின் பகுதிதான் 'அம்பர்'. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அதன் உற்பத்தித் திறன் குறித்துப் பொருளியலாளர்கள் கடுமையாக வாதிட்டுக்கொண்டனர். எட்டுக் கதிர் இராட்டையில் நாளொன்றுக்கு 20 சிட்டம் நூற்றால்கூடக் கூலி 300 ரூபாய். அதே 2025-26ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழகத்துக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். பஞ்சுத் திரி வந்து சேராத நாளில் நூற்பவருக்குக் கூலி ஏதுமில்லை. நூற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதனாலேயே இக்கூலி 'கூடுதல் வருமானம்' என்ற பெயரில் கேள்வியின்றிக் கடந்துபோகிறது என்பது என் கருத்து.

சாயமிடுவோர் நிலையும் இதற்கு அடுத்ததே. அவுரியின் நீலம் எளிதில் வருவதன்று. சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்த்துப் புளிக்கவைத்த தொட்டியில் சிட்டத்தை முக்கி எடுத்து, காற்றில் உலர்த்தி, மீண்டும் மீண்டும் முக்க வேண்டும். தொட்டியிலிருந்து வெளிவரும் நூல் முதலில் பசுமஞ்சளாக இருந்து, காற்றுப் பட்டதும் நீலமாக மாறும். சோழமண்டலக் கரையின் புகழ்பெற்ற சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. படிகாரம் இன்றி அந்நிறம் நூலில் நிலைக்காது. 1897இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்த பிறகு இந்த அறிவு சில ஊர்களில் மட்டுமே எஞ்சியது. இயற்கைச் சாயம் என்றாலே மாசு இல்லை என்று பேசுவது மிகை. அதற்கும் நிறையத் தண்ணீர் வேண்டும். ஆனால் நொய்யலுக்கு நேர்ந்ததையும், 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் மறக்காதவர்கள், இந்தத் தொழிலறிவை அலங்காரப் பொருளாக மட்டும் கருத மாட்டார்கள்.

அண்மையில் ஒரு பெருநகரக் கடையில் 'கையால் நூற்று, கையால் சாயமிட்டு, கையால் நெய்தது' என்ற அட்டையுடன் ஒரு சட்டையைக் கண்டேன். அட்டையில் விலை இருந்தது. அவ்விலையில் எந்தக் கைக்கு எவ்வளவு என்பது இல்லை.

கூலியை உயர்த்தினால் விலை ஏறும், விலை ஏறினால் விற்பனை சரியும் என்பது வழக்கமான மறுப்பு. இது பழையதும்கூட. 1935இல் நூற்பவருக்கு வாழ்வதற்குப் போதுமான கூலி தர வேண்டும் என்று காந்தியடிகள் வலியுறுத்தியபோது, அகில இந்திய சர்க்கா சங்கத்தினரிடையே இதே அச்சம் எழுந்தது. அச்சத்தில் உண்மை இல்லாமல் இல்லை. கதரின் சந்தை எளிதில் நொறுங்கக்கூடியது. 2021 டிசம்பரில் கொடிச் சட்டத்தொகுப்பு திருத்தப்பட்டு, இயந்திரத்தில் செய்த பாலியஸ்டர் தேசியக் கொடிக்கும் அனுமதி கிடைத்தது. அதுவரை கையால் நூற்று நெய்த துணிக்கே உரியதாக இருந்த ஒரு நிலையான தேவை அதனால் பறிபோனது. ஹுப்பள்ளியில் கொடி நெய்து வந்த கதர் அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தும் பயனில்லை.

ஆனால், விலையை ஏற்றாமலே கூலியை உயர்த்த வழி இருக்கிறது. தமிழகத்தில் பருத்திக் கதருக்கு 30 சதவீதத் தள்ளுபடி தரப்படுகிறது. மீட்டர் 400 ரூபாய் என்றால் தள்ளுபடி 120 ரூபாய். அந்த மீட்டருக்கான நாலரைச் சிட்டத்தை நூற்றவருக்குக் கிடைத்த கூலியோ 67.50 ரூபாய். வாங்குபவருக்குத் தரும் சலுகை, நூற்றவரின் கூலியைவிட அதிகம்! தள்ளுபடியை 20 சதவீதமாகக் குறைத்து, மிச்சமாகும் 40 ரூபாயை நூற்பவரிடம் சேர்த்தால் சிட்டத்துக்கு ஏறக்குறைய 9 ரூபாய் கூடும். கூலி 24 ரூபாயாகும். வாங்குபவர் 280க்குப் பதில் 320 ரூபாய் கொடுப்பார். விற்பனை ஓரளவு குறையலாம். கதர் கட்டும் நடுத்தர வர்க்கம் அந்த 40 ரூபாய்க்காகக் கடையை விட்டு ஓடிவிடும் என்று நான் நம்பவில்லை. பிறகு அக்கூலியை, அறிவிப்புகளுக்குக் காத்திருக்காமல், வேளாண் தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டெண்ணோடு இணைத்துவிடலாம். கதர் நிறுவனங்கள் யார் எத்தனை சிட்டம் நூற்றார் என்பதை ஏற்கெனவே பதிவேட்டில் வைத்திருப்பதால், இதற்குப் புதிய அலுவலகமோ புதிய கணக்கெடுப்போ தேவையில்லை.